புத்தியில்லாத பகையும் புத்தியுள்ள களமும்

பிணங்கள் எழுந்து நடந்து உயிருள்ளோரைத் துரத்தும் ஜாம்பி வீடியோ கேம்கள் தமக்கென ஒரு தனிக் குலத்தை ஏற்படுத்திக்கொண்டு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் துப்பாக்கிகளின் விசேஷத்தையும், பிணங்களின் கோர ரூபத்தையும், கதையில் யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்பதையும் விஸ்தாரமாகப் பேசுவார்கள். ஆயினும், ஓர் ஆட்டம் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் விரும்பி ஆடப்படுவதற்கும், அதே காலத்தில் அதைவிட அதிகப் பொருட்செலவில் பிறந்த மற்றொன்று மறக்கப்பட்டதற்கும் காரணம் என்ன என்று தேடிக்கொண்டு போனால், அந்தக் காரணம் பெரும்பாலும் இளைஞர்கள் 'மேப்' என்று சொல்லும் ஆட்டக் களத்திலேயே வந்து நிற்கிறது.

பகைவனுக்குப் புத்தி இருக்கும் ஆட்டத்தில் களம் எளியதாக இருந்தாலும் குற்றமில்லை. சதுரங்கத்துக்கு 64 கட்டங்களுக்கு மேல் நிலம் வேண்டியிருக்கவில்லை. ஜாம்பியோ யோசிப்பதில்லை, பதுங்குவதில்லை, பேரம் பேசுவதில்லை; ஓசை வந்த திக்கை நோக்கி நேரே நடந்து வருவதொன்றே அதற்குத் தெரிந்த வித்தை. ஆகவே, எதிராளியிடம் இருந்திருக்க வேண்டிய சாமர்த்தியம் முழுவதையும், ஆட்டத்தைச் சிருஷ்டிப்பவர் சுவரிலும் கதவிலும் படிக்கட்டிலும் சந்துகளின் வளைவிலும் பொதிந்து வைக்க வேண்டியவராகிறார். அப்படிப் பொதிந்து வைப்பதற்கு ஆயிரம் யுக்திகள் இருக்கலாம். ஆனால் அவை அனைத்துக்கும் அடியில் ஒரு தத்துவமே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்: சிறந்த களத்தில் எந்த இடமும் தங்கியிருப்பதற்குப் பூரண காரணத்தையும் தரக்கூடாது, விட்டுப் போவதற்குப் பூரண காரணத்தையும் தரக்கூடாது. இருப்பதா, போவதா என்னும் கேள்வி ஆடுகிறவன் மனத்தில் ஒரு கணமும் ஓயாமல் இருக்கும்படி செய்யும் களமே உயர்ந்த களம்.

இந்தக் கேள்வி சினிமாவிலிருந்து வந்தது. அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமெரோ 1968-இல் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில், சிலர் ஒரு பண்ணை வீட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டு ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டே, நிலவறைக்குள் போவதா மேலேயே இருப்பதா என்று தர்க்கம் செய்கிறார்கள். கதையின் பெரும்பகுதி அந்தத் தர்க்கம்தான். பத்து ஆண்டுகள் கழித்து, 1978-இல் அவரே எடுத்த 'டான் ஆஃப் தி டெட்', பென்சில்வேனியாவிலுள்ள மன்ரோவில் என்னும் ஊரின் பெரிய வணிக வளாகத்தில் நடக்கிறது. அங்கே எல்லாப் பொருள்களும் கிடைக்கின்றன, ஆகையால் வெளியே போகவேண்டும் என்னும் எண்ணமே மெல்ல மெல்லச் செத்துப்போகிறது. முற்றுகையிடப்பட்ட சிறு வீடு, பொருள் நிறைந்த பெரு மாளிகை என்ற இந்த இரண்டு இடங்களிலிருந்துதான் பிற்காலத்து ஆட்டக் களங்களில் பெரும்பாலானவை கிளைத்தன. 2006-இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'டெட் ரைசிங்' வணிக வளாகத்தையே களமாக்கி, 72 மணி நேரம் என்று ஒரு கெடுவும் விதித்தது. நம் பக்கத்திலும் 2016-இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய 'மிருதன்' ஊட்டியையும், 2021-இல் பிரசாந்த் வர்மா இயக்கிய தெலுங்குப் படமாகிய 'ஜாம்பி ரெட்டி' ராயலசீமையையும் களமாகக் கொண்டன.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் மேலே போக மனம் வரவில்லை. நம்முடைய பேய்கள் ஸ்தலத்தோடு பிணைந்தவை. புளியமரத்துப் பேய் புளியமரத்தில்தான் இருக்கும். விக்கிரமாதித்தனைக் கேள்வி கேட்ட வேதாளமும் மீண்டும் மீண்டும் தன் முருங்கைமரத்துக்கே போய்த் தொங்கியது. அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகிறவனுக்கு அபாயமில்லை. ஜாம்பிக்கு அப்படி ஒரு மரம் கிடையாது. அதற்கு இடமே இல்லாததனால் எல்லா இடமும் அதற்கு உரியதாகிவிடுகிறது. நம் தேசத்தில் இத்தகைய ஆட்டத்தைச் செய்ய முற்படுகிறவர், பாட்டியிடம் கேட்ட பேய்க் கதைகளின் பூகோளத்தை அப்படியே பயன்படுத்திக்கொள்ள முடியாது என்பதை முதலிலேயே உணர்ந்துகொள்வது நல்லது.

வீட்டுக்குள் அமைந்த களங்களில் தலைசிறந்தது எது என்று கேட்டால், 1996-இல் ஷின்ஜி மிகாமியின் இயக்கத்தில் பிறந்த 'ரெசிடென்ட் ஈவில்' ஆட்டத்தின் ஸ்பென்சர் மாளிகையை நான் தயங்காமல் சொல்லுவேன். அதில் நுழைகிறவனுக்கு முதலில் தெரிவது பூட்டிய கதவுகளே. ஒரு சாவி கிடைத்தால் நாலைந்து கதவுகள் திறக்கும்; ஆனால் அந்தக் கதவுகள் மாளிகையின் நாலு மூலைகளில் இருக்கும்; ஆகவே, முன்பு உயிர் தப்பி ஓடிவந்த அதே நடைக்கூடத்தை மறுபடியும் கடக்க வேண்டிய நிர்ப்பந்தம் உண்டாகிறது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களுக்கு அளவு உண்டு: கிறிஸ் என்னும் வீரனாக ஆடினால் ஆறு, ஜில் என்னும் பெண்ணாக ஆடினால் எட்டு. குண்டுகளை எடுத்துக்கொண்டால் மருந்துக்கு இடமில்லை. மருந்தை எடுத்துக்கொண்டால் சாவிக்கு இடமில்லை. ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் தட்டச்சு இயந்திரமும் பொருள்களைப் போட்டுவைக்கும் பெட்டியும் இருக்கும் அறைகள் சிலவே. அவற்றில் பயமில்லை, இதமான சங்கீதம் ஒலிக்கும். ஆனாலும் அங்கே உட்கார்ந்துகொண்டிருந்தால் ஒரு காரியமும் நடவாது. தங்கும் ஆசையையும் புறப்படும் அவசியத்தையும் இவ்வளவு சிறிய இடத்துக்குள் இவ்வளவு நுட்பமாக எதிரெதிரே நிறுத்திய களம் அதற்கு முன் இல்லை.

2002-இல் அதே ஆட்டத்தைப் புதுக்கியபோது, களத்தைப் பற்றிய இன்னொரு ஆழ்ந்த சிந்தனையும் அதில் சேர்ந்தது. சுட்டு வீழ்த்திய பிணத்தை மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்காமல் விட்டால், அது சில நேரம் கழித்து முன்னிலும் வேகமாகவும் மூர்க்கமாகவும் எழுந்து வரும். மண்ணெண்ணெயோ கொஞ்சம்தான் கிடைக்கும். ஆகவே எந்தக் கூடத்தின் வழியாகப் பலமுறை போகவேண்டியிருக்கும், எந்த அறைக்கு இனி வரவேண்டியதில்லை என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, எங்கே கொல்வது, எங்கே கொல்லாமல் விலகிப்போவது என்று தீர்மானிக்க வேண்டும். ஒரு கட்டடத்தின் எதிர்காலத்தைத் தன் நடையால் எழுதுகிற பொறுப்பு ஆடுகிறவனுக்கு வந்துவிடுகிறது. 2019-இல் வெளிவந்த 'ரெசிடென்ட் ஈவில் 2' மறுபதிப்பில், கலைக்கூடமாக இருந்து போலீஸ் நிலையமாக மாறிய கட்டடத்தின் வரைபடத்தில், எடுக்கவேண்டிய பொருள் மிச்சமிருக்கும் அறை சிவப்பாகவும், முழுதும் முடிந்த அறை நீலமாகவும் காட்டப்படும். சிலர் இதைச் சலுகை என்று குறை கூறினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சிவப்பாகத் தெரியும் அறை, போகவேண்டாம் என்று பயமும் போகவேண்டும் என்று ஆசையும் ஒருங்கே தூண்டுகிறது. பெருத்த உருவத்தோடு தடதடவென்று பின்தொடரும் ஓர் அரக்கனின் காலடி ஓசை மேல்மாடியில் கேட்டுக்கொண்டிருக்கையில், அந்தச் சிவப்பு நிறம் கண்ணை உறுத்துவதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

மாளிகைக்கு எதிர்முனையில் நிற்பது ஒரு சிறிய பாழ்க் கட்டடம். 2008 நவம்பரில் டிரேயார்க் நிறுவனம் 'கால் ஆஃப் டூட்டி: வேர்ல்ட் அட் வார்' ஆட்டத்தின் இறுதியில் உபரியாகச் சேர்த்த 'நாக்ட் டெர் உண்டோட்டன்' என்னும் களத்தில் இருப்பவை மூன்று பகுதிகள்தாம்: ஆரம்ப அறை, பக்கத்து அறை, மாடி. ஜன்னல்களில் பலகைகள், அவற்றைப் பிய்த்துக்கொண்டு பிணங்கள் உள்ளே வரும், ஒரு பலகையைத் திரும்ப வைத்தால் 10 புள்ளி, பக்கத்து அறைக்குப் போகும் கதவைத் திறக்க 1,000 புள்ளி. இந்தக் கதவில்தான் ரகசியம் முழுவதும் இருக்கிறது. திறந்தால் நல்ல துப்பாக்கி கிடைக்கும். ஓடுவதற்கு இடம் கிடைக்கும். அதோடு, காவல் காக்க வேண்டிய ஜன்னல்களும் கூடிவிடும். தான் பாடுபட்டுச் சேர்த்ததைக் கொடுத்துத் தன் அபாயத்தைத் தானே விலைக்கு வாங்குவதற்கு ஒப்பான இந்த ஏற்பாட்டை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

அந்தச் சிறு வித்திலிருந்து வளர்ந்த களங்களில், தொழிற்சாலையாக அமைந்த 'டெர் ரீஸ', நாடகக் கொட்டகையாக அமைந்த 'கினோ டெர் டோட்டன்', சான்பிரான்சிஸ்கோவின் அல்கட்ராஸ் சிறைத் தீவில் அமைந்த 'மாப் ஆஃப் தி டெட்' ஆகியவற்றை ஆடாதவர் அந்த வட்டாரத்தில் இல்லை எனலாம். 2010-இல் வந்த கொட்டகையில், மின்சாரத்தைப் போட்டதும் திரை விலகி மேடை திறக்கும். அந்த மேடை அகன்றது, தடையற்றது. பிணங்களையெல்லாம் ஒரே கூட்டமாகத் தன் பின்னால் வரச்செய்து வட்டமாக ஓடி, அவை நெருங்கித் திரண்டதும் திரும்பிச் சுடுவது தேர்ந்தவர்களின் வழக்கம். இதை அவர்கள் 'டிரெயின்' என்பார்கள். வட்டமிடுவதற்கு ஓரிடமும், அந்த வட்டம் அறுபட்டால் தப்பியோட ஒரு வழியும், அந்த வழியிலும் ஒரு நிச்சயமின்மையும் வைத்த களமே இந்த வகையில் நீண்ட ஆயுளோடு விளங்குகிறது. இதற்கு எதிர்மறையான உதாரணமாக 2012-இல் வந்த 'டிரான்ஸிட்' களத்தைச் சொல்லலாம். ஊருக்கு ஊர் பஸ்ஸில் போகவேண்டும், நடுவே மூடுபனி, வழியெங்கும் எரிகுழம்பு. எண்ணம் பெரியதுதான். ஆனால் பனிக்குள் ஒன்றும் தெரியாததால் நிலத்தைக் கற்றுக்கொள்ள முடியவில்லை. பஸ் வரும்வரை காத்திருப்பது ஆடுகிறவனின் தீர்மானமாக இல்லாமல் வண்டியின் தீர்மானமாகிவிட்டது. பரப்பளவு மட்டும் பெருகினால் களம் சிறப்புறாது என்பதற்கு அது ஒரு பாடமாக நின்றுவிட்டது.

மூன்றாவது வகை, வழிநடைக் களம். வால்வ் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 'லெஃப்ட் 4 டெட்' ஆட்டத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒரு காப்பறையிலிருந்து மற்றொரு காப்பறைக்குப் போகிறார்கள். நிலம் ஒன்றேயானாலும், ஆடுகிறவர்கள் எவ்வளவு களைத்திருக்கிறார்கள், எவ்வளவு கலங்கியிருக்கிறார்கள் என்று கணித்து, பிணங்களை எப்போது அனுப்புவது, எப்போது மூச்சுவிட இடங்கொடுப்பது என்று தீர்மானிக்கும் ஒரு கணினிச் சூத்திரதாரி அதில் உண்டு. மறு ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில், கல்லறைத் தோட்டத்தின் பாதையைக்கூட அந்தச் சூத்திரதாரி ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றியமைத்தது. ஆனால் எனக்கு அதைவிட உயர்ந்ததாகப் படுவது, அந்த இரண்டாம் பாகத்திலேயே வரும் 'ஹார்ட் ரெயின்' என்னும் பகுதி. கரும்பாலை வழியாகப் போய், படகுக்கு டீசல் எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். திரும்பும்போது பெருமழை பிடித்துக்கொள்கிறது. நடந்த தரையில் நீர் பெருகி நிற்கிறது. கண்ணுக்குத் தெரிந்த கரும்புக் காடு மறைந்துபோகிறது. பேச்சுக் குரலே காதில் விழுவதில்லை. தெரிந்த நிலம் தெரியாத நிலமாகிவிடுகிறது. கரும்பும் ஆலையும் புதியனவல்லாத சித்தூர்ச் சீமைக்காரருக்கு, ஐப்பசி மழையில் கரும்புத் தோட்டத்து வரப்பு எப்படி இருக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வழிநடையின் லயத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் 3,550 படிகள் என் ஞாபகத்துக்கு வருகின்றன. அது பக்தர்களின் மார்க்கம். அதை ஆட்டக் களமாக்க வேண்டுமென்று யாரும் நினைக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நடக்கிறவர்களின் மனத்தை அறிந்து அமைக்கப்பட்ட பாதை என்ற முறையில், அதனிடமிருந்து கற்றுக்கொள்ள எந்தக் கலைஞனுக்கும் பாக்கியம் உண்டு. கீழே ஊரிலிருந்து பார்த்தாலே இரவில் விளக்கொளியோடு காலி கோபுரம் தெரிகிறது. போகவேண்டிய இடம் இது என்று கண் முதலில் அறிந்துகொள்கிறது. தொடக்கத்தில் செங்குத்தான ஏற்றம். காலி கோபுரத்தைத் தாண்டியபின் சமதரையும் நிழலும். களைப்பு மறந்து, இனி எளிது என்று எண்ணுகிற வேளையில் முழங்கால் மெட்டு வருகிறது. இடையிடையே மண்டபங்கள், உட்காரலாம், ஆனால் மேலே தரிசனம் காத்திருக்கிறது. கடுமையும் இளைப்பும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதை நூற்றாண்டுகளுக்கு முன்பே கல்லில் வைத்திருக்கிறார்கள். வழிநடைக் களம் வகுப்போர் இலக்கைத் தொலைவிலேயே காட்டவேண்டும், முதல் ஏற்றத்துக்குப் பின் ஏமாற்றும் சமதரை ஒன்று வைக்கவேண்டும் என்று நான் சொல்வதற்கு ஆதாரம் எந்தப் புத்தகமும் அன்று, இந்தப் படிகளே.

இனி, பரந்த வெளிகள். டீன் ஹால் என்னும் நியூஸிலாந்துக்காரர் 2012-இல் 'ஆர்மா 2' என்ற போர் ஆட்டத்தின் மேல் கட்டிய 'டேஸீ', செர்னாரஸ் என்னும் கற்பனை நாட்டில் நடக்கிறது. அதன் பரப்பு 225 சதுர கிலோமீட்டர். செக் குடியரசின் ஓர் உண்மையான மலைப் பிரதேசத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது அது. ஆடுகிறவன் கையில் ஒன்றுமில்லாமல் கடற்கரையில் விழித்தெழுகிறான். கரையோர ஊர்களில் கிடைப்பது அற்பம். நல்ல ஆயுதம் வேண்டுமானால் உள்நாட்டில் வடமேற்கே உள்ள விமானத் தளத்துக்குப் போகவேண்டும். அங்கே அவனைப் போலவே ஆயுதம் தேடும் மற்ற மனிதர்கள் காத்திருப்பார்கள். கடலிலிருந்து மேட்டை நோக்கி ஆசையும் அபாயமும் ஒரே சரிவில் ஏறிக்கொண்டே போவதனால், இவ்வளவு பெரிய நிலத்திலும் மனிதனுக்குத் திக்குத் தவறுவதில்லை. 'புராஜெக்ட் ஸோம்பாய்ட்' அமெரிக்காவின் கென்டக்கியில் உண்மையாகவே இருக்கும் மல்ட்ரா, வெஸ்ட் பாயின்ட் முதலிய ஊர்களின் பெயரையும் சாயலையும் எடுத்துக்கொண்டு, 1993 ஜூலை மாதத்தில் கதையைத் தொடங்குகிறது. அதில் சில வாரங்களில் மின்சாரம் நின்றுபோகும். குழாயில் தண்ணீர் நின்றுபோகும். நேற்றுவரை வாசஸ்தலமாக இருந்த வீடு இன்று வெறும் சுவராகிவிடுகிறது. கிணறுள்ள வீட்டைத் தேடிப் புறப்பட வேண்டும். ஒரு ஜன்னலை உடைத்தால் அந்த ஓசைக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும்.

உண்மை நிலத்தை ஆதாரமாகக் கொண்ட களங்களுக்கு ஒரு தனிப் பலம் இருக்கிறது. மனிதர்கள் வாழ்ந்த ஊரில் சந்தை ஏன் அங்கே இருக்கிறது, குளம் ஏன் இங்கே இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை அறியாதவனும் அதை உணர்வான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கணினியே புதிதாக நிலத்தைப் படைத்துத் தரும் முறை 'செவன் டேஸ் டு டை' போன்றவற்றில் உண்டு. ஏழாம் நாள் இரவில் பெருங்கூட்டம் வரும் என்ற அதன் விதி மிகச் சிறந்தது. ஆனால் தானே முளைத்த அந்த ஊர்களில் ஆடி முடித்தவனுக்கு ஒரு தெருவின் பெயரும் நினைவில் நிற்பதில்லை. இத்தகைய ஆட்டத்தில் குண்டு தீர்ந்துபோகும், மருந்து தீர்ந்துபோகும். நிலத்தைப் பற்றிய ஞானம் ஒன்றே செலவழியாமல் வளர்ந்துகொண்டிருக்கும் செல்வம். அந்தச் செல்வத்தை ஒவ்வொரு முறையும் பறித்துக்கொள்ளும் களத்தை முதல் வரிசையில் வைக்க என்னால் முடியவில்லை. 2015-இல் போலந்து நாட்டின் டெக்லேண்ட் வெளியிட்ட 'டையிங் லைட்' கூரைகளுக்கும் தெருவுக்கும், பகலுக்கும் இரவுக்கும் இடையே வைத்த பேதம் அழகானது என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

நம் பக்கத்தில் இந்த ஆட்டங்கள் பரவியது கைப்பேசியின் வழியாக. 2019 பிப்ரவரியில் 'பப்ஜி மொபைல்', 'ரெசிடென்ட் ஈவில் 2'-உடன் கைகோத்து ஜாம்பி ஆட்டம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, திருப்பதி விடுதிகளிலும் சித்தூர்க் கல்லூரி வாசல்களிலும் தமிழும் தெலுங்கும் கலந்து அதே பேச்சாக இருந்தது. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு அந்த ஆட்டத்தைத் தடை செய்தது. 2021 ஜூலையில் அது 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்று வேறு பெயரில் திரும்பிற்று. களத்தின் விஷயத்தில் அந்த ஜாம்பி ஆட்டம் புதிதாகத் தந்தது சொற்பம். மனிதர்கள் ஒருவரையொருவர் சுடுவதற்காக வகுக்கப்பட்ட தீவிலேயே பிணங்களையும் இறக்கிவிட்டார்கள். ஆனால் கைப்பேசி ஒரு நிபந்தனையைக் கற்றுக்கொடுத்தது. ஐந்தாறு அங்குலத் திரையில், கட்டைவிரல் பாதி இடத்தை மறைத்துக்கொண்டிருக்கையில், இருண்ட மூலைகளும் நுண்ணிய விவரங்களும் பயன்படமாட்டா; ஒரு கட்டடத்தின் உருவமே பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லவேண்டும்.

இத்தனையும் சொன்னபின், நம் நிலத்தில் இத்தகைய களம் அமையுமா என்று பார்க்காமல் விடுவது நியாயமாகாது. நம் சிற்பமும் மதிலும் விளையாட்டுக்கு ஒவ்வாதவை என்று சொல்வதற்கில்லை. 2017-இல் வந்த 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகஸி' மேற்குத் தொடர்ச்சி மலையையும் ஹொய்சளர் காலத்துச் சிதைவுகளையும் களமாக்கியது. 2020-இல் புணேயிலுள்ள நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 'ராஜி' என்னும் ஆட்டத்தில் நம் கோட்டை கொத்தளங்களை மிகுந்த சிரத்தையோடு வரைந்தது. இவை ஜாம்பி ஆட்டங்களல்ல. ஆயினும் வழி திறந்திருக்கிறது.

திருப்பதிக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் சந்திரகிரிக் கோட்டையை எடுத்துக்கொள்வோம். விஜயநகர மன்னர்கள் பிற்காலத்தில் தங்கள் ராஜதானியாகக் கொண்ட இடம். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் இடம் பெற்ற சரித்திரத்தோடு பெயர் கலந்த இடம். செங்குத்தான ஒரு பெரும் பாறைக் குன்று. அதன் அடியில் பெருங்கற்களால் எழுப்பிய மதில் சூழ்ந்த கீழ்க்கோட்டை. உள்ளே மூன்று நிலைகள் கொண்ட ராஜமகால், அருகே ராணிமகால், ஒரு குளம், சிதைந்த சில கோயில்கள். ராஜமகால் மரமே இல்லாமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டது. நிலைக்கு நிலை வரிசையாக வளைவுகள் திறந்து நிற்கின்றன. மேலே ஏறியவனுக்கு நாற்புறமும் தெரியும். ஆனால் அந்த வளைவுகளை எந்தப் பலகையாலும் அடைக்க முடியாது. பார்ப்பதற்கு அருமையான இடம், இருப்பதற்கு ஆகாத இடம். குன்றின்மேல் ஏறிவிட்டால் பகை நெருங்குவது கடினம்; ஆனால் குடிநீர் கீழே குளத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு குடத்துக்கும் ஒருமுறை இறங்கியாக வேண்டும். நாம் முதலில் வகுத்த தத்துவத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிலத்தைக் கற்பனை செய்து படைப்பதுகூடச் சிரமம்.

அதோடு, சந்திரகிரியில் மாலை வேளைகளில் சுற்றுலாத் துறையின் ஒலி-ஒளிக் காட்சி நடத்தப்பட்டு வந்திருக்கிறது. ஜாம்பி ஓசையைத் தேடி வரும் பிராணி என்பதை வாசகர் நினைவில் கொள்ளவேண்டும். கோட்டையை விட்டு வெளியேறவேண்டிய கடைசிக் கட்டத்தில், ஆடுகிறவர்களுள் ஒருவர் அந்தக் காட்சியின் விசையைப் போடுகிறார், ராஜமகாலின் முகப்பு ஒளிர்கிறது, பறையும் எக்காளமும் முழங்குகின்றன, சுற்றுவட்டாரத்துப் பிணங்களெல்லாம் அரண்மனை முற்றத்துக்கு வந்து கூடுகின்றன, வாயில் வெறுமையாகிறது. விசையைப் போட்டவர் மட்டும் முற்றத்தின் நடுவே அகப்பட்டுக்கொள்கிறார். அவரை விட்டுப் போவதா, மீட்பதா? இந்தக் கேள்வியைக் களம் தானே எழுப்புகிறது. கதாசிரியர் ஒரு வசனமும் எழுத வேண்டியதில்லை.

எனினும், முதல் முயற்சியாக ஒன்றைச் செய்வதானால் நான் சந்திரகிரியைக்கூடச் சொல்லமாட்டேன். சித்தூரைச் சுற்றியுள்ள மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைகளில் ஒன்றைத்தான் சொல்லுவேன். தோத்தாபுரி மாம்பழம் வரும் கோடைப் பருவத்தில் அவற்றின் வாயிலில் டிராக்டர்களும் லாரிகளும் நெடுந்தூரம் வரிசையாக நிற்கும். பருவம் முடிந்ததும் பிரம்மாண்டமான அந்தக் கொட்டகைகள் வெறிச்சோடிவிடும். உள்ளே பழம் கழுவும் தொட்டிகள், பழுக்கவைக்கும் கிடங்கு, கூழ் பிழியும் இயந்திரங்கள், பாய்லர், மனித உயரத்துக்கு மேல் அடுக்கிய டிரம்களின் நடுவே ஒருவர் மட்டும் நுழையக்கூடிய இடைவெளிகள். வரிசையில் நின்றபடியே கைவிடப்பட்ட வண்டிகள் வெளியே ஒரு நீண்ட சுவராகிவிடும். அவற்றின் மேலேறிப் போகலாம், அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. பாய்லரை மூட்டினாலொழியக் கன்வேயர் நகராது, கன்வேயர் நகர்ந்தாலொழியப் பின்வாசலின் தடை விலகாது என்று வைத்தால், மூட்டிய கணத்தில் எழும் பேரொலியே பகையை வரவழைக்கும். எல்லாவற்றையும்விட, அங்கே ஒரு குளிர்பதன அறை இருக்கிறது: தடித்த கதவு, உறுதியான சுவர், உள்ளே வந்துவிட்டால் ஒரு பிணமும் தொடாது. ஆனால் நிமிஷத்துக்கு நிமிஷம் உடல் விறைத்துக்கொண்டே வரும். பத்திரமான இடமே மெல்லக் கொல்லும் இடமாகவும் இருப்பது செயற்கையாகச் சேர்த்த விதியன்று, அந்த அறையின் இயல்பு. நாலு புறத்தையும் ஒருவரே ஒரு வாரத்தில் அளந்து வரைந்துவிடக்கூடிய சிறிய களம். கைப்பேசித் திரையிலும் டிரம்களின் நீலமும் பழப்பெட்டிகளின் நிறமும் தெளிவாகத் தெரியும். 'டெர் ரீஸ' தொழிற்சாலை உலகுக்கு எவ்வளவு பழகிவிட்டதோ, அவ்வளவு பழகக்கூடிய தகுதி இதற்கும் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

கணினிக் கல்லூரிகளில் படித்து, ஆட்டம் செய்யும் மென்பொருள்களில் கை தேர்ந்து, பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் வேலை தேடிப் போகிற சித்தூர், திருப்பதி இளைஞர்கள் தங்கள் பயிற்சிக் களங்களுக்கு இன்னமும் அமெரிக்க நகரத்துப் பெட்ரோல் பங்குகளையும் பனி படிந்த மரவீடுகளையுமே வரைந்துகொண்டிருப்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. அவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: ஒரு நோட்டும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு சந்திரகிரிக்குப் போங்கள், ராஜமகாலின் படிக்கட்டு எத்தனை அகலம், ராணிமகாலிலிருந்து குளத்துக்கு எத்தனை தப்படி, மதிலின் எந்த இடத்தில் நின்றால் குன்று மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், பிறகு, அனுமதி பெற்று, பருவம் முடிந்த ஒரு கூழ்த் தொழிற்சாலையையும் அப்படியே அளந்து வாருங்கள். சந்திரகிரி அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வேறொரு நாளாகப் பார்த்துப் புறப்படுங்கள்.